சிப்பிப்பாறை நாய் ஆட்டைக் கண்டால் பாய்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. என்ன செய்யலாம்?

கரிசல்வீட்டான்

எல்லோருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் கிராமம். 14 மாத ஆண் சிப்பிப்பாறை வளர்க்கிறேன், பெயர் மின்னல். வீட்டுக்குள் தங்கமான பையன். சோற்றை வைத்துவிட்டு "இரு" என்றால் எச்சில் ஒழுகினாலும் அசையமாட்டான். காட்டுப் பக்கம் போனால்தான் காது செவிடாகிவிடுகிறது.

போன வாரம் மேய்ச்சலுக்கு வந்த கூட்டத்தில் ஒரு குட்டியை விரட்டிப் பின்னங்காலைக் கவ்விவிட்டான். குட்டி பிழைத்துக்கொண்டது. தையல் செலவைக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஆட்டுக்காரர், "இன்னொரு தடவ நடந்தா நாய் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. மயிலைக் கண்டாலும் இதே கதைதான்.

டவுனில் பயிற்சி தருகிற ஒருவர் இழுத்தால் இறுகும் சங்கிலியைப் போடச் சொன்னார். போட்டேன். இப்போது தூரத்தில் ஆடு தெரிந்தாலே சங்கிலியில் தொங்கிக்கொண்டு கத்துகிறான். ஒரு நாள் விரட்டிவிட்டுத் திரும்பி வந்தவனைக் கோபத்தில் கம்பால் அடித்துவிட்டேன். அதிலிருந்து ஓடிவிட்டு வந்தால் பத்தடி தள்ளியே நிற்கிறான், கையில் சிக்குவதில்லை. காயடித்தால் அடங்கும் என்கிறார் மாமா. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

வேப்பமரநிழல்

வேட்டை நாயை வாங்கிவிட்டு வேட்டையாடுகிறதே என்றால் எப்படி? கட்டிப் போடுங்கள், முடிந்தது.

ஓட்டக்காரன்

ரிமோட்டில் ஷாக் கொடுக்கும் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. ரெண்டு தடவை கொடுத்தால் மூன்றாவது தடவை ஆட்டுப் பக்கமே போகாது. நண்பர் வீட்டில் வேலை செய்தது.

கன்னிக்காரி

நான் பயிற்சியாளர் இல்லை. 9 வருஷமாகக் கன்னி இன நாய் வளர்க்கிறேன், இப்போது இரண்டு. முதல் நாயிடம் நானும் இந்தத் தப்பையெல்லாம் செய்திருக்கிறேன்.

முதலில் ஷாக் பட்டை. ஆட்டைப் பார்க்கும்போது வலி வந்தால், "துரத்தக்கூடாது" என்று நாய் பாடம் படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. "ஆடு வந்தால் வலிக்கும்" என்று படித்துவிட்டால் ஆட்டின் மேல் வெறுப்பு சேரும். சங்கிலி போட்ட பிறகு மின்னல் கத்த ஆரம்பித்தானே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். கம்படியும் அப்படியே. அவன் கணக்கில் அடி விழுந்தது ஆட்டைத் துரத்தியதற்கு இல்லை, உங்களிடம் வந்ததற்கு. அதனால்தான் பத்தடி தள்ளி நிற்கிறான்.

நாய் வேட்டையாடுவது ஒரே செயல் இல்லை, சங்கிலிக் கண்ணிகள் மாதிரி ஒன்றோடொன்று கோத்த செயல்கள். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இரையின் பக்கம் திரும்புவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நகர்வது, விரட்டுவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் எல்லாக் கண்ணியும் உண்டு. மனிதர்கள் வேலைக்குத் தகுந்தபடி சிலதைப் பெரிதாக்கி, சிலதை மங்க வைத்து நாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் கோலி நாய் ஆட்டை முறைத்துப் பார்க்கும், பதுங்கும், விரட்டும், அதோடு நின்றுவிடும். லாப்ரடார் வாத்தை மெத்தென்று கவ்வி வரும், கடித்துக் குதறாது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலுக்காக வளர்த்தவை. கண்ணில் பட்டதும் பாய்ச்சல்தான், நடுவில் பதுங்கல் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் நமக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடி, ரெண்டு நொடி.

நாய்க்கு விரட்டுவதே கூலி. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த ஓட்டத்திலேயே சம்பளம் வந்துவிடுகிறது. கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அதோடு போட்டி போட முடியாது. போட்டி போடாமல் அதே கூலியை நீங்கள் கொடுங்கள். அதிகம் விரும்பும் செயலைக் கூலியாக வைத்துக் குறைவாக விரும்பும் செயலைச் செய்ய வைக்கலாம் என்று டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் சொன்னது இதைத்தான். சோறு தின்றால்தான் விளையாட்டு என்று நம் பாட்டிமார் பிள்ளைகளிடம் சொன்னதும் அதே.

நான் செய்தது: ஆறடி மூங்கில் கம்பு, நுனியில் கம்பைவிடக் கொஞ்சம் நீளமான கயிறு, கயிற்று நுனியில் பழைய கம்பளித் துண்டு. முதலில் "இரு". நாய் உட்காரும், துண்டு தரையில் கிடக்கும். துண்டை லேசாக அசையுங்கள். எழுந்தால் துண்டு செத்துவிட வேண்டும், அசைவே கூடாது. திரும்ப உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிற நொடியில் "பிடி" என்று சொல்லித் துண்டை ஓடவிடுங்கள். முயல் மாதிரி நாயைவிட்டு விலகி ஓட வேண்டும். நாயின் மூஞ்சியில் போய் மோதுகிற முயல் உலகத்தில் கிடையாது! பத்துப் பதினைந்து நொடி விரட்டட்டும், பிடிக்கட்டும். ஒரு தடவைகூடப் பிடிக்கவே விடாவிட்டால் வெறுத்துப்போகும்.

பிறகு "விடு". பிடுங்காதீர்கள். கம்பைக் கீழே போட்டுவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் ஈரல் துண்டைக் காட்டுங்கள். வாய் திறந்ததும் ஈரல், உடனே மறுபடி "பிடி". விட்டால் ஆட்டம் முடியாது, தொடரும் என்று அவனுக்குப் புரிய வேண்டும். ஒரு வேளைக்கு நாலைந்து ஓட்டம் போதும். கடைசியில் கருவாட்டுத் துணுக்குகளைப் புல்லில் இறைத்து மோந்து தேட விடுங்கள், இல்லையென்றால் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துக் கிழிக்க விடுங்கள். வேட்டைச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள் அவைதான். அதில் முடித்தால் நாய் அடங்கிப் படுக்கும், விரட்டலோடு நிறுத்தினால் இரவெல்லாம் குறுகுறுவென்று திரியும்.

இரண்டு வாரம் வீட்டில் இது. அப்புறம்தான் ஆடு. பத்து மீட்டர் கயிற்றில், ஆடு பொட்டாகத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். அவன் காது நிமிர்ந்து உற்றுப் பார்க்கிறானா, அந்த நொடியில் "நல்ல பையன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஆமாம், பார்ப்பதற்குப் பாராட்டு. பார்க்காதே என்பது இந்த நாயிடம் நடக்காது. பார்த்துக்கொண்டு நிற்க முடியும் என்பதைத்தான் வளர்க்கிறோம். உங்கள் பக்கம் தலையைத் திருப்பிய கணத்தில் "பிடி" சொல்லி ஆட்டுக்கு எதிர்த்திசையில் துண்டோடு நீங்களே ஓடுங்கள். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

கால்நடைப்பக்கம்

கன்னிக்காரி அக்கா சொன்னதோடு சிலது. கால்நடை மருத்துவத்தில் இருக்கிறேன்.

நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டவே கூடாது. இந்த நாய் முழு வேகத்தில் போய்க் கயிற்று முனையில் இழுபட்டால் கழுத்து போய்விடும். மார்போடு கட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். மெல்லிய தோல், அக்குளில் உராய்கிறதா என்று பாருங்கள். 14 மாதம் என்பதால் எலும்பு இன்னும் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். துண்டைத் தரையோடு இழுங்கள், தாவிப் பிடிக்கிற மாதிரி உயரத் தூக்காதீர்கள், சட்டென்று வளைக்காதீர்கள். சாப்பிட்ட உடனே ஓட்டம் வேண்டாம். நெஞ்சு ஆழமான இனங்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து அதிகம், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். உங்கள் ஊர் வெயிலுக்கு விடியற்காலைதான் சரி.

காயடித்தால் வேட்டைக் குணம் போகாது. அது விதையின் சுரப்பால் வருவதில்லை, வேறு கதை. மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு தடவை கவ்விய நாய் என்பதால், ஆடு வருகிற இடத்துக்குக் கூண்டு மாதிரியான வாய்மூடி இல்லாமல் கூட்டிப்போக வேண்டாம். வாய் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அதில் முடியும். ஈரலை உள்ளே வைத்து, தானாக மூக்கை நுழைக்கப் பழக்குங்கள். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நாய் பிடித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

தாத்தாவின்தோட்டம்

வயது 68. சின்னப் பையனாக அப்பாவுக்குப் பின்னால் முயலுக்குப் போனவன். இப்போது அது குற்றம், நாங்களும் விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. நாய் முயலோடு வந்தால் அப்பா பிடுங்கவே மாட்டார். தரையில் குந்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். நாய் தானாக வந்து மடியில் போடும். உடனே ஈரல் அதற்கு. வெறும் வாயோடு வந்தாலும் தடவிக் கொடுத்துத்தான் கயிறு போடுவார். "அடிச்சா நாளைக்கு மொயலும் இல்ல, நாயும் இல்ல" என்பார். தம்பி, பத்தடி தள்ளி நிற்கிறவனைத் துரத்தாமல் நீங்களும் குந்திப் பாருங்கள்.

ஓட்டக்காரன்

சரி, நண்பரின் நாய் இப்போது ஆட்டுப் பக்கம் போவதில்லைதான், பட்டையைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். வாபஸ்.

கரிசல்வீட்டான் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தாத்தா சொன்னபடி குந்தி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதல் நாள் கால் மணி நேரம் ஆயிற்று. நாலாம் நாள் பின்னால் வந்து கழுத்தில் மூச்சு விட்டான்.

துண்டு ஆட்டம் மூன்றே நாளில் பிடிபட்டது. "விடு"தான் இழுபறி, ஈரலையும் துண்டையும் சேர்த்தே வாயில் வைத்துக்கொள்ளப் பார்த்தான். இப்போது பத்துக்கு எட்டுத் தடவை விடுகிறான்.

நேற்று முன்தினம் காலை ஆறு மணிக்கு ஓடை மேட்டில் நின்றோம். ஆடுகள் நின்ற தூரம் எண்பது, நூறு மீட்டர் இருக்கும். வாய்மூடியும் ஹார்னஸும் போட்டிருந்தேன். காது ரெண்டும் கத்தி மாதிரி நிமிர்ந்தது, வலது முன்னங்கால் தரையைவிட்டுத் தூக்கியபடியே நின்றது. தொடைச் சதை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "நல்ல பையன்" என்றேன், என் குரலும் நடுங்கியது. மனசுக்குள் ஏழு வரை எண்ணியிருப்பேன். தலையை முழுசாகத் திருப்பவில்லை, ஒரு காதை மட்டும் என் பக்கம் மடக்கினான். அது போதும் என்று "பிடி" சொல்லி ஓடினேன். பின்னாலேயே வந்தான்! ஆட்டுக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்தார்.

மயிலிடம் தோல்வி. புதரிலிருந்து காலடியில் படபடவென்று எழும்பியது, அவன் பார்த்தானா பாய்ந்தானா என்றே தெரியவில்லை. கயிறு உள்ளங்கையைச் சீவிவிட்டது. கையுறை போடாதது என் தப்பு.

இரண்டு கேள்வி. காதை மட்டும் திருப்பியதற்குக் கூலி கொடுத்தது சரியா? கயிற்றை எப்போது அவிழ்க்கலாம்?

கன்னிக்காரி

காது சரி. முதல் வாரங்களில் அதுவே பெரிய விலை. அடுத்து மூக்கு திரும்பும் வரை காத்திருங்கள், அதுவரை தூரத்தை மட்டும் குறைக்காதீர்கள். பிறகு குறைத்து எழுபது மீட்டரில் முடியாவிட்டால் நூறுக்கே திரும்பிப் போங்கள்.

மயில் கதை வேறு. காலடியில் எழும்பினால் உற்றுப் பார்க்க நேரமே இல்லை, நேரே பாய்ச்சல்தான். அதற்குப் பயிற்சி கிடையாது, கயிறுதான். என் மூத்த கன்னிக்கு இப்போது 8 வயது. ஆட்டு மந்தைக்கு நடுவே நடந்து போவாள். வேலியில்லாத இடத்தில் இன்றைக்கும் அவளுக்குக் கயிற்றை அவிழ்த்ததில்லை.

கம்பளித் துண்டு கிழிந்திருக்குமே? செம்மறி ரோமம் கொஞ்சம் அந்த ஆட்டுக்காரரிடமே கேட்டு வாங்கிக் கட்டுங்கள். பேச்சும் ஆரம்பித்த மாதிரி இருக்கும்.