தம்பிக்கு கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) பார்க்கப் போனோம் (குடும்பக் குழு, சனிக்கிழமை இரவு)

நான்: நானும் தம்பியும் பஸ் ஏறிவிட்டோம். வீடு வர எப்படியும் 10 மணி ஆகும். கடையில் மூன்று மணி நேரம் நின்று நாலு ஆம்ப் வாசித்துப் பார்த்தோம், எதையும் வாங்கவில்லை.

பெரியம்மா: மூன்று மணி நேரமா? அவன் மத்தியானம் சாப்பிட்டானா?

தம்பி: சாப்பிட்டேன் அம்மா. பிரியாணி.

பெரியப்பா: அந்த மாடலிங் ஆம்ப் என்று சொன்னானே, அதையா பார்த்தீர்கள்? எங்கள் மெல்லிசைக் குழுவில் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120 இருந்தது. இரண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கர், மாடிப்படி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், ஆனால் கண்ணாடி மாதிரி சவுண்ட். ஆம்புக்குள் கம்ப்யூட்டர் எதற்கு?

நான்: பெரியப்பா, அந்த ஜாஸ் கோரஸை மாதிரியாக வைத்துச் செய்த சவுண்டும் சில மாடலிங் ஆம்புகளுக்குள் இருக்கிறது. கிட்டாரில் இருந்து வருவதை எண்ணாக மாற்றி, இந்த ஆம்ப் இதை என்ன செய்யும், அந்த ஆம்ப் என்ன செய்யும் என்று உள்ளே கணக்குப் போட்டு வெளியே விடுகிறார்கள். லைன் 6 கம்பெனி 1996லேயே ஆக்ஸிஸ் 212 என்று இப்படி ஒன்று கொண்டு வந்துவிட்டது. பழைய கண்ணாடிக் குழல் வைத்த வால்வு ஆம்பில் சவுண்டைக் கூட்டிக்கொண்டே போனால்தானே சிக்னலின் முனை மழுங்கி அந்தக் கரகரப்பு வரும், அதற்குள் தெருவே எழுந்துவிடும். இன்று பார்த்த, பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா 50 மாடலிங் ஆம்பில் பவரை 0.5 வாட்டுக்கு இறக்க ஒரு குமிழ் இருக்கிறது. அதில் வைத்தும் அதே கரகரப்பு, டிவி சத்தத்துக்குள்.

பெரியம்மா: அப்படியென்றால் அதையே வாங்கியிருக்கலாமே. ராத்திரி அவன் வாசிக்கும்போது பக்கத்து வீட்டுப் பாப்பா எழுந்துவிடுகிறது.

அக்கா: ஆமாம், ஏன் வாங்கவில்லை?

நான்: காலுக்காகத்தான் அக்கா. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் முன் வரிசையில் இருந்து பார்த்தேன். சரணத்துக்கு கரகரப்பே இல்லாத கிளீன் டோன், பல்லவி திரும்பும்போது கொஞ்சம் கரகரப்பு, நடுவில் அவன் தனியாக வாசிக்கும் இடத்துக்கு லீட். ஒவ்வொரு தடவையும் குனிந்து குமிழைத் திருப்புகிறான், அதற்குள் இரண்டு பார் (தாளச் சுற்று) போய்விடுகிறது, டிரம்ஸ் வாசிக்கிற பையன் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் காலால் மாற்ற முடியவில்லை என்றால் இவனுக்குப் பிரயோஜனம் இல்லை. கடையில் நாம் கேட்காமல், காலால் மிதித்து டோனை மாற்றும் ஃபுட் கண்ட்ரோலரை வெளியே எடுக்க மாட்டார்கள். நான் கேட்டு எடுக்க வைத்தேன்.

தம்பி: டிலே (எதிரொலி எஃபெக்ட்) போட்டு ஒரு இ மைனர் கார்டு அடித்தேன் அப்பா, அது எதிரொலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பேட்சுக்கு (சேமித்து வைத்த டோனுக்கு) மிதித்தேன். முதல் ஆம்பில் கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது, சின்ன இடைவெளி, அப்புறம்தான் அடுத்த டோன். மூன்றாவது ஆம்பில் பழைய எதிரொலி தேய்ந்துகொண்டே போகும்போதே புது டோன் மேலே ஏறியது. கை சிலிர்த்துவிட்டது.

பெரியப்பா: ஷூ போட்டா மிதித்தாய்? சர்ச்சில் வெறுங்காலில்தானே நிற்கிறாய்.

நான்: அதைத்தான் நானும் சொன்னேன் பெரியப்பா, கடையிலேயே ஷூவைக் கழற்ற வைத்தேன். குமிழ் மாதிரி சின்ன இரும்பு ஸ்விட்ச் இருக்கிறதே, அதை வெறும் பெருவிரலால் அழுத்தினால் ஒரு பாட்டுக்குத் தாங்கும், ஆறு பாட்டுக்குத் தாங்காது. மேலே ரப்பர் ஒட்டிய அகலமான பெடல் என்றால் பாதம் முழுக்க வைத்து மிதிக்கலாம்.

அக்கா: என் கீபோர்டில் சுரத்தை நீட்ட மிதிக்கும் சஸ்டெயின் பெடல் சும்மாதான் கிடக்கிறது. அதைச் சொருகினால் ஆகாதா?

நான்: சொருகலாம் அக்கா, ஓட்டையில் போகும், ஆனால் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. சஸ்டெயின் பெடல் மிதித்திருக்கும் வரைதான் ஆன், காலை எடுத்தால் ஆஃப். சில ஆம்புகள் ஒரு மிதிக்கு ஆன், மறு மிதிக்கு ஆஃப் என்று நிற்கும் ஸ்விட்சைத்தான் எதிர்பார்க்கும். வால்யூம் பெடலில் இன்னும் சிக்கல், ரோலண்டுக்குச் செய்த வயரிங்கும் யமஹா, கோர்க் வயரிங்கும் வேறு வேறு, பிளக் மட்டும் ஒன்று. நானே பட்டிருக்கிறேன். 4 வருஷம் முன்னால் என் பழைய ஆம்புக்கு ஆன்லைனில் ஒரு கண்ட்ரோலர் வாங்கினேன், இன்டர்நெட் கேபிள் மாதிரியே பிளக், கச்சிதமாக உட்கார்ந்தது, விளக்குகூட எரிந்தது. மிதித்தால் ஒன்றும் மாறவில்லை. அது வேறு மாடலுக்கானது என்று தெரிவதற்குள் திருப்பி அனுப்பும் நாளும் போய்விட்டது.

தம்பி: இன்றைக்கும் அதே கதைதான் அக்கா. கட்டானா 100 எம்கே2க்கு (இரண்டாம் பதிப்பு) பாஸ் கம்பெனியின் ஜிஏ-எஃப்சி என்ற ஃபுட் கண்ட்ரோலர் வேலை செய்யும். 50 எம்கே2 பார்க்க அதன் தம்பி மாதிரியே இருக்கிறது, அதில் செய்யாது. அப்புறம் வந்த 50 எம்கே2 இஎக்ஸ்ல்தான் சேர்த்திருக்கிறார்கள். கடையில் இஎக்ஸ் இல்லை.

அக்கா: சரி, 100ஐயே வாங்கிவிடு.

நான்: அதையும்தான் யோசிக்கிறோம். 50ல் நாலு டோன் சேமிக்கலாம், 100ல் எட்டு. இவனுக்கு மூன்று போதும். தூக்கிக்கொண்டு பைக்கில் போக 50தான் தோது.

பெரியப்பா: ஒன்று சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். வீட்டில் வைத்த டோன் மண்டபத்தில் எடுபடாது. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பாஸும் (கீழ் சவுண்ட்) டிரெபிளும் (கூர்மையான மேல் சவுண்ட்) போதாத மாதிரி இருக்கும், கூட்டி வைப்போம். அதையே மேடையில் போட்டால் பாஸ் கிட்டாரோடும் கீபோர்டு இடது கையோடும் மோதிக் குழம்பிவிடும், டிரெபிள் காதைக் குத்தும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மிட் இருந்தால்தான் கிட்டார் வெளியே கேட்கும். நான் திருவிழா மேடைகளில் கற்றுக்கொண்டது இது. லீடுக்குக் கரகரப்பைக் கூட்டாதே தம்பி, வால்யூமை ஒரு நூல் கூட்டு.

நான்: பெரியப்பா, 1933ல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து சொன்னது இதுதான், சவுண்ட் குறைந்தால் காதுக்கு பாஸ் முதலில் காணாமல் போகும். இன்று கடையிலும் பார்த்தேன், ரெடியாக வந்த பேட்ச் எல்லாம் தனியாகக் கேட்க ஜோராக இருந்தது, பின்னால் ஒரு பையன் டிரம்ஸ் தட்ட ஆரம்பித்ததும் பாதி அமுங்கிவிட்டது.

பெரியப்பா: யார் கிட்டாரில் வாசித்தீர்கள்?

தம்பி: கடை கிட்டார் அப்பா. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்டது.

பெரியப்பா: உன்னுடையது ஒற்றைச் சுருள் பிக்கப், சிங்கிள் காயில் ஆயிற்றே. அந்தக் கரகரப்பு உன் கிட்டாரில் அப்படி வராது. நம் கிட்டாரை எடுத்துக்கொண்டு போகாமல் ஆம்ப் பார்க்கவே கூடாது.

நான்: அது எங்கள் தப்புதான் பெரியப்பா. அடுத்த சனி இன்னொரு கடையில் இஎக்ஸ் வருகிறது, போன் செய்து கேட்டுவிட்டேன். அதற்கான கண்ட்ரோலரும் அங்கேயே இருக்கிறதாம். நீங்களும் வாருங்கள்.

பெரியம்மா: இவர் எதற்கு அவ்வளவு தூரம், முட்டி வலி வேறு.

பெரியப்பா: உட்கார்ந்து கேட்கத்தானே போகிறேன்.

தம்பி: உட்கார்ந்து வாசிக்கலாம் அப்பா. பீரோ மேல் இருக்கிற உங்கள் கிட்டாரையும் எடுத்துக்கொள்வோம்.

பெரியப்பா: அதில் கம்பி துருப்பிடித்துவிட்டது. நாளைக்கு ஆராதனை முடிந்து வரும்போது ஒரு செட் வாங்கி வா, மெல்லிய கம்பியின் கனம் 10ல் ஆரம்பிப்பது. 9 வேண்டாம்.