ஹிப்னோசிஸ் சிகிச்சைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

கல்லடியான்:
வயிற்றுக்காக நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ஸ்கேன், ஸ்கோப், இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தன. கடைசியில் ஐ.பி.எஸ். என்று எழுதித் தந்தார்கள், பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கில் குழப்பமும் தருகிற குடல் கோளாறு அது. கல்முனைக்கு பஸ் ஏறினால் களுவாஞ்சிக்குடி வருவதற்குள் இறங்கிக் கழிப்பறை தேட வேண்டும். மருந்து ஒத்துவரவில்லை என்றதும், கொழும்பில் ஒரு வைத்தியர் ஹிப்னோசிஸ் (மனோவசியம்) செய்து பார்க்கலாமா என்று கேட்டார்.

வீட்டில் சொன்னேன். பெரியம்மா சிரித்துவிட்டார். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டே. "பாயோட ஒட்ட வைக்கிற ஊரில பிறந்துபோட்டு, வசியத்துக்குக் கொழும்புக்கா போறாய் மனே?"

அங்கே யாரும் மணிக்கூட்டை ஆட்டவில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். வயிற்றில் கையை வைத்து அந்தச் சூட்டை உணரச் சொன்னார். உங்களுக்குப் பழக்கமான நீர்நிலை எது என்று கேட்டார். வாவி என்றேன். மழைக்குப் பிறகு முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி எப்படி வடியும் என்று நானே அவருக்குச் சொல்ல, குடலும் அப்படி அவசரமில்லாமல் ஓடுவதாக நினைக்கச் சொன்னார். வெளியே ஓட்டோ ஹோர்ன் அடித்தது கேட்டது. எழும்பிப் போக நினைத்திருந்தால் போயிருப்பேன். அது நித்திரை இல்லை, மயக்கமும் இல்லை. கவனம் முழுக்க ஒரே இடத்தில் குவிந்திருக்கும், அவ்வளவுதான். அப்படி இருக்கும்போது சொல்லப்படுவதை உடம்பு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. பிறகு ஒலிப்பதிவு ஒன்று தந்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். உண்மையான வேலை அதில்தான் நடந்தது என்பது என் எண்ணம்.

இது புதுசும் இல்லை. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற வைத்தியர் 1984இலேயே இதைச் சோதித்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். 12 மாதம் மருந்து எடுத்தும் சுகம் காணாத ஐ.பி.எஸ். காரர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2008இல் சொன்னது. எனக்கு வலி முற்றாகப் போகவில்லை. உறைப்பாக மீன் குழம்பு சாப்பிட்டால் வயிறு இன்னும் கணக்குக் கேட்கும். ஆனால் பஸ்ஸில் போகிறேன்.

சம்மாந்துறைக் காக்கா:
எனக்குச் சரிவரவில்லை தம்பி. சிகரெட்டை விடுவதற்காகப் போனேன். அவர் "கை கனக்கிறது, கனக்கிறது" என்கிறார், நான் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ஒரே அளவில் இந்த நிலைக்குப் போகமாட்டார்களாம். அதை அளக்க அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959இலேயே அளவுகோல் செய்திருக்கிறார்கள். அதைவிட, புகைத்தலை நிறுத்த இது மற்ற முறைகளைவிட நன்றாக உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற கொக்ரேன் மீளாய்வு 2019இல் சொல்லியிருக்கிறது. காசைக் கட்டின பிறகுதான் மகன் அதைக் காட்டினான்! போர்டு போட்டவரெல்லாம் வைத்தியர் இல்லை, அதையும் பார்த்துப் போங்கள்.

ஆரையம்பதி மிஸ்ஸி:
தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வம் ஏறி ஆடுவதும் இதுவும் ஒன்றுதானே என்று பலர் கேட்பார்கள். தெய்வமாடி முடித்த என் மாமா, என்ன நடந்தது என்றே தெரியாது என்பார். கல்லடித் தம்பிக்கோ ஓட்டோ ஹோர்ன் வரை ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பத் தேவையில்லை, சடங்கு சடங்காகவே இருக்கட்டும்.

மயக்கமருந்து வருவதற்கு முன்பே, 1845இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வைத்தியர் ஆட்களை இப்படியான நிலைக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்தார். இந்தக் காலத்தில் தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போது வலியைக் குறைக்கவும் சில நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். ஆனால் காதில் குரல் கேட்கிறவர்கள், இல்லாததை நம்புகிறவர்கள் முதலில் மனநலக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். தலைவலி, வயிற்றுவலி என்றாலும் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இது.

நாவலடித் தம்பி:
என் அண்ணனின் கதை வேறு. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது மகளின் கை அவர் கையில் இருந்தது. பிறகு இல்லை. அலை இழுத்ததா, தானே விட்டாரா என்பது அவருக்கு ஞாபகமில்லை. ஹிப்னோசிஸ் செய்தால் தெரியவரும் என்று யாரோ சொல்ல, எங்கெங்கோ விசாரித்து ஒரு மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

வைத்தியர் மறுத்துவிட்டார். அந்த நிலையில் மனம் இடைவெளிகளைத் தானே இட்டு நிரப்பும், வருகிற காட்சி உண்மையா என்று சொல்ல முடியாது, ஆனால் அண்ணன் அதை அசைக்க முடியாதபடி நம்பிவிடுவார் என்றார். ஹிப்னோசிஸ் செய்து எடுத்த சாட்சியத்தை ஏற்பதில்லை என்று கனடா உச்ச நீதிமன்றமே 2007இல் தீர்ப்பளித்ததையும் சொன்னார். "நான் விட்டுட்டேன் எண்டு ஒரு படம் வந்தா, அதை ஆர் அழிக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. வெளியே வந்து என்னோடு கோபித்தார், ஏன் கூட்டிவந்தாய் என்று. பிறகு அதே வைத்தியரிடம் பேச்சுச் சிகிச்சைக்குத் தானாகவே போனார். இப்போதும் அந்த ஞாபகம் வரவில்லை. கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போகிறார்.

ஆரையம்பதி மிஸ்ஸி:
நல்ல வைத்தியர் தம்பி. கல்லடித் தம்பி, அந்த ஒலிப்பதிவு தமிழிலா? என் தங்கச்சிக்கும் இதே வயிற்றுப் பிரச்சினை.

கல்லடியான்:
தமிழில்தான் மிஸ்ஸி, ஆனால் யாழ்ப்பாணத் தமிழ். எனக்காகச் செய்தது என்பதால் அதை அனுப்பிப் பயனில்லை. முதலில் தங்கச்சியை வயிற்று வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தம் போகிறதா, மெலிகிறாவா என்று கட்டாயம் கேட்பார்கள்.