ராத்திரி தெருப்படம் சினிமா ஃப்ரேம் மாதிரி வரலை, எங்கே தப்பு?

நியான்பூச்சி:
ஏபிஎஸ்-சி கேமரா, 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸ், ட்ரைபாட் இல்லை. அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி (லென்ஸ் திறப்பு மட்டும் என் கையில, ஷட்டரை கேமரா பார்த்துக்கும்), ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்). கூட்டமான கடைத்தெரு. படம் வெளுத்துப்போய் வருது, போர்டு எழுத்து வெந்துபோகுது, சிலதுல குறுக்கே கறுப்புப் பட்டை. சினிமால வர்ற அந்த நீலம், விளக்கைச் சுத்தித் தெரியிற சிவப்பு வட்டம், இதெல்லாம் பிரீசெட்டா (எடிட்டிங்ல போடுற ரெடிமேட் நிற அமைப்பு)?

இருட்டுக்கடை:
பிரீசெட்டை அப்புறம் பார்க்கலாம். வெளுப்புக்குக் காரணம் கேமராவோட வெளிச்ச மீட்டர். முக்கால்வாசி இருட்டா இருக்கிற ஃப்ரேமையும் அது நடுச்சாம்பலுக்குத்தான் தூக்கும். மேனுவல் போங்க. எஃப்/2, ஷட்டர் 1/100 நொடி, ஐஎஸ்ஓ 1600-ல ஆரம்பிச்சு, போர்டு எழுத்து படிக்க வர்ற வரைக்கும் ஐஎஸ்ஓவை ஏத்தி இறக்குங்க. நிழல் கறுப்பாப் போனா போகட்டும், சினிமாலயும் அப்படித்தான்.

ஹிஸ்டோகிராம்ல (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) மூணு நிறத்தையும் தனித்தனியா பாருங்க. சிவப்பு போர்டுல பொதுக்கோடு ஓரத்தைத் தொடாமலே சிவப்பு மட்டும் முட்டி நிக்கும். அப்படி முட்டினா எழுத்தின் விளிம்பு கரைஞ்சு ஒரே சிவப்புத் திட்டாயிடும். ரா (RAW) ஃபைலா எடுத்தாலும் ஓரளவுக்குத்தான் மீட்கலாம்.

முகத்துக்கு வெளிச்சம் வேணும்னா ஆளைத் துரத்தாதீங்க. வெளிச்சமான கடை வாசலைப் பிடிச்சு, ஃபோகஸை அங்கே பூட்டிட்டு, ஆள் உள்ளே வர்ற வரைக்கும் நில்லுங்க. சின்ன விளக்குன்னா, தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு, அதாவது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு).

ஐம்பதுஹெர்ட்ஸ்:
பட்டை விஷயம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். 1/50, 1/100 வைச்சா முழுத் துடிப்பும் ஒரு படத்துக்குள்ள வந்துடும். 1/250-ல பாதிதான் சிக்கும், அதான் பட்டை. 60 ஹெர்ட்ஸ் ஊர்ல 1/60, 1/120. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைச்சிடுங்க. ஓடுற எழுத்து போர்டுகள் தன் வேகத்துக்குத் துடிக்கும், அதுக்கு இந்தக் கணக்கு உதவாது. 1/30 வரைக்கும் இறக்கிப் பார்க்கணும்.

சோடியம்விளக்கு:
நீலத்துக்கு வொயிட் பேலன்ஸை 3200 கெல்வின்ல நிறுத்துங்க. மஞ்சள் பல்பு இயல்பா நிக்கும், வானமும் வெள்ளை எல்இடியும் நீலமாகும். சூரியன் மறைஞ்சு முதல் அரை மணி நேரம் இதுக்குத் தோது. பழைய சோடியம் விளக்கு மட்டும் அடங்காது. அந்த ஒளியில நீலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இல்லாததை ஸ்லைடர் எங்கேருந்து கொண்டுவரும்?

சிவப்பு வட்டம் ஃபிலிமோட குறை. ஒளி எமல்ஷனை (ஃபிலிம்ல படத்தைப் பதியிற பூச்சு) தாண்டிப் பின்பக்கம் மோதித் திரும்புறப்போ, அடியில் இருக்கிற சிவப்பு அடுக்குல முதல்ல படும். சினிமா ஃபிலிம்ல இதைத் தடுக்கப் பின்னாடி ரெம்ஜெட்னு ஒரு கரிப்பூச்சு இருந்தது. சினிஸ்டில் 800டி அதை நீக்கி வர்ற சினிமா ஃபிலிம், அதான் வட்டம் விழுது. மிஸ்ட் ஃபில்டர் (லென்ஸ் முன்னாடி மாட்டுற, ஒளியைப் பரப்புற கண்ணாடி) வேற சங்கதி. அது விளக்கோட நிறத்துலயே பரவும், கறுப்பையும் கொஞ்சம் வெளுக்கும். அடர்த்தி 1/8 போதும், 1/4 போட்டா 85 எம்எம்ல புகைமூட்டம். யூவி ஃபில்டர் இருந்தா கழட்டுங்க, விளக்கெல்லாம் தலைகீழா இன்னொரு தடவை விழும்.

நியான்பூச்சி:
1/100-ல பட்டை போச்சு. ஒருத்தர் மட்டும் ஷார்ப்பா நிக்க, கூட்டம் கரையணும்னா? அகலத் திரை மாதிரி வெட்டலாமா?

இருட்டுக்கடை:
ஷட்டர் 1/8 நொடி, எஃப்/5.6. தூண்ல தோளைச் சாய்ச்சு, அஞ்சாறு படம் தொடர்ச்சியா. நடுவுல ஒண்ணு தேறும். ஸ்டெபிலைசர் உங்க கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், நிக்கிறவர் அசைஞ்சா போச்சு. 2.39:1-க்கு வெட்டினா 6000×4000 படம் 6000×2510 ஆகும். மேலயும் கீழயும் முக்கியமான எதையும் வைக்காம ஃப்ரேம் பண்ணுங்க.