ஏழு இருக்கை டீசல் வண்டி: புகை வடிகட்டி விளக்கும் டெஃப் எச்சரிக்கையும் சேர்ந்து வருகின்றன, எதை முதலில் பார்ப்பது?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். எங்களிடம் இருப்பது பெரிய ஏழு இருக்கை டீசல் வண்டி. ஆட்டோமேட்டிக் கியர், பிஎஸ்-6 (புகை மாசு விதி) வண்டி. கோவை நகருக்குள்தான் ஓட்டம். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, கோயில், எல்லாமே மூன்று நான்கு கிலோமீட்டருக்குள். மீட்டர் முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

இந்த வாரம் ஓட்டுநர் திரையில் இரண்டு எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. ஒன்று, இரு பக்கமும் குழாய், நடுவே புள்ளிகள் நிறைந்த பெட்டி போன்ற மஞ்சள் விளக்கு. அதன் கீழே, புகை வடிகட்டி நிறைந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரி. இன்னொன்று, டெஃப் நிரப்பச் சொல்கிறது, 800 கி.மீ.க்குப் பிறகு எஞ்சின் இயங்காது என்றும் மிரட்டுகிறது.

இரண்டும் ஒன்றுதான், டெஃப் ஊற்றினால் இரண்டும் அணைந்துவிடும் என்கிறார் மாமா. சர்வீஸ் நிலையத்தில் தொலைபேசியில் கேட்டால், வண்டியைப் பார்க்காமலே வடிகட்டியை மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். வார இறுதியில் பெரியவர்கள் உட்பட ஏழு பேர் ஊட்டிக்குப் போகிறோம். இ-பாஸும் எடுத்தாகிவிட்டது. இந்த நிலையில் மலையேறலாமா? வண்டி இப்போதைக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. இழுவையில் குறை எதுவும் தெரியவில்லை.

ஆறாவது கியர்

இரண்டும் வேறு வேறு, நண்பரே. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். டெஃப் என்பது நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகைக்குழாயில் தெளிக்கப்படும் யூரியாக் கரைசல். புள்ளிப் பெட்டி விளக்கு காட்டுவது கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டியை. எவ்வளவு டெஃப் ஊற்றினாலும் அந்தக் கரி கரையாது.

மஞ்சள் விளக்குக்கு நெடுஞ்சாலைதான் மருந்து. நீலாம்பூரில் ஏறி, அவிநாசி தாண்டி, செங்கப்பள்ளி வரை ஆறுவழிச் சாலையில் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும்.

பழைய பட்டறை

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் வடிகட்டியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் புரியும்.

வடிகட்டியில் கரி ஓரளவு சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரிக்கும். ரீஜெனரேஷன் என்பார்கள். அதற்காகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை 600 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால்தான் இது தொடங்கும். முடிய பதினைந்து இருபது நிமிடம் ஆகும். உங்கள் ஓட்டமோ மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடேறும் நேரத்தில் பள்ளி வந்துவிடுகிறது, சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நிற்கிறது. அடுத்த நாளும் அதே கதை. வண்டியில் குறை இல்லை, அதற்கு வாய்த்த வேலைதான் அதற்குப் பொருந்தாத வேலை.

பாதியில் நிற்கும் ஒவ்வொரு முறையும், பல எஞ்சின்களில், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் நீர்த்துப்போகிறது, மட்டமும் ஏறுகிறது. ஆகவே நெடுஞ்சாலைக்குப் போகுமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, அளவுக்கோலை உருவிப் பாருங்கள். துணியால் துடைத்து மறுபடி விட்டு எடுக்க வேண்டும். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றால், விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எண்ணெயை மாற்றாமல் வேகமாக ஓட்டாதீர்கள். மட்டம் அளவுக்கு மீறினால், அந்த எண்ணெயே எஞ்சினின் மூச்சுக்குழாய் (பிரீதர்) வழியாக எரிப்பு அறைக்குள் போய் எரிபொருளாகிவிடக் கூடும். அப்போது சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது.

விளக்கு மஞ்சளாக இருக்கும்வரை காரியம் நம் கையில். அது சிவப்பானாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து இழுவை குறைந்தாலோ ஓட்டித் தீர்க்க நினைக்காதீர்கள். பட்டறைதான்.

நாமக்கல் லாரிக்காரன்

டெஃப் பற்றி நான் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த நாளிலிருந்து நாங்கள் இதோடுதான் குடித்தனம் நடத்துகிறோம்.

800 கி.மீ. என்று காட்டினால் உண்மையிலேயே 800தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் நிற்காது. ஆனால் கணக்கு பூஜ்யமான பிறகு எஞ்சினை அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தேநீர்க் கடையில் நிறுத்திவிட்டு அப்படியே மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டரியைக் கழற்றி மாட்டினாலும் ஏமாறாது.

ஊற்றும் இடம் தெரியுமா? பல வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்திலேயே நீல மூடி இருக்கும். சிலவற்றில் பானெட்டுக்குள்ளோ, பின்கதவுப் பக்கமோ ஒளித்து வைத்திருப்பார்கள். பங்க்கில் ஆளிடம் விட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்காதீர்கள், நீங்களே இறங்கி நின்று ஊற்றுங்கள். டெஃப் டீசல் டேங்கில் விழுந்தாலும் சரி, டீசல் டெஃப் டேங்கில் விழுந்தாலும் சரி, சாவியை ‘ஆன்’ நிலைக்குக்கூடத் திருப்ப வேண்டாம். அப்படியே இழுத்துக்கொண்டு போய் டேங்கைக் கழுவ வேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பு, இன்ஜெக்டர் என்று செலவு வரிசையாக வரும்.

சீல் உடையாத கேனாக, டெஃப்புக்கான தரக் குறியான ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்டதாக வாங்குங்கள். தேதியையும் பாருங்கள், கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருந்ததைத் தொடவே வேண்டாம். இதில் யூரியா 32.5 சதவீதம், மீதி தாது நீக்கிய தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிய கெட்டிக்காரர்கள் எங்கள் தொழிலில் உண்டு. பிறகு அவர்கள் வாங்கியது புது இன்ஜெக்டர்.

டீசலுக்குப் பயன்படுத்திய புனலையும் எடுக்காதீர்கள். டேங்க் வாயின் ஓரத்தில் சிந்தினால் ஈரத் துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். விட்டால் உப்புப் பூத்ததுபோல வெள்ளையாக இறுகி, பெயின்ட்டையும் அரிக்கும்.

கடைசியாக, கொஞ்சமாக ஊற்றினால் பல வண்டிகள் கண்டுகொள்ளாது. ஐந்து லிட்டருக்குக் குறையாமல் ஊற்றி, சாவியை ‘ஆன்’ நிலையில் சிறிது நேரம் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே செய்தி மறையாவிட்டால் பதற்றப்படாதீர்கள். கொஞ்சம் ஓடிய பிறகு மறையும். வண்டிக்கு வண்டி அளவு மாறும் என்பதால் கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

டர்போ தம்பி

எதற்கு இவ்வளவு பாடு? எங்கள் ஊரில் அந்த வடிகட்டியையே கழற்றி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கணினியில் மென்பொருளை மாற்றிவிடுகிறார்கள். மைலேஜும் கூடுகிறதாம். ஒரே செலவு, ஆயுள் முழுக்க நிம்மதி.

பழைய பட்டறை

தம்பி, அந்த நிம்மதி அடுத்த புகைச் சோதனை வரைதான். வாகனத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு எதிரானது. வாரன்ட்டி போகும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். அதை எல்லாம் விடுங்கள். அந்த நுண்துகள் போவது பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் மூச்சில். இதை யார் செய்துதரக் கேட்டாலும் நான் செய்ததில்லை.

நொய்யல்கரை

அனைவருக்கும் நன்றி. அளவுக்கோலைப் பார்த்துவிட்டேன். எண்ணெய் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கிறது. வெள்ளைத் துணியில் ஒற்றினால் கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளிர்மஞ்சளாக வளையம் பரவுகிறது. வாடையும் டீசல்தான். அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று வண்டி சொல்கிறதே, அதை நம்ப வேண்டாமா?

பழைய பட்டறை

வேண்டாம். எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் உடனே மாற்றுங்கள். புது எண்ணெய் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். ஏசிஇஏ (ஐரோப்பிய எண்ணெய்த் தரக் குறி) சி2, சி3 என்று டப்பாவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கிறது. விலை குறைவு என்று சாதாரண டீசல் எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் அதன் சாம்பல் புகை வடிகட்டியில் தங்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியின் ஆயுளை முடிப்பது கடைசியில் அந்தச் சாம்பல்தான், அதற்குச் சாதாரணமாக ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் ஆகும்.

அதனால்தான் முப்பதாயிரத்தில் மாற்றச் சொல்வது எனக்கு இடிக்கிறது. சர்வீஸ் நிலையத்துக்குப் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். ஸ்கேனரில் கரியின் அளவு எத்தனை கிராம் காட்டுகிறது, சாம்பல் எத்தனை, கடைசியாக முழுமையாக முடிந்த எரிப்பு எப்போது. இந்த எண்களைக் காட்டாமல் மாற்று என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் போகும். அதில் ஒன்று வெடித்திருந்தாலும் வண்டி தப்பாகத்தான் காட்டும். சில நூறு ரூபாய்க் குழாய் அது.

ஆறாவது கியர்

எண்ணெய் மாற்றிய பிறகு ஓட்டும் முறை: டீசல் கால் டேங்குக்கு மேல் இருக்கட்டும், குறைந்தால் எரிப்பு தொடங்காது. கியரை ‘டி’யில் விட்டுவிட்டால் 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு இறங்கிவிடும், புகை போதிய அளவு சூடாகாது. கையால் மாற்றும் நிலைக்கு வந்து ஒரு கியர் குறைத்து, 2,000 சுற்றுக்கு மேல் சீராக வைத்திருங்கள்.

எரிப்பு தொடங்கிவிட்டதைப் பல வண்டிகளில் விளக்கு சொல்லாது. நிற்கும்போது வழக்கமாக 750, 800 சுற்றில் இருப்பது ஆயிரத்தை ஒட்டி ஏறியிருக்கும், சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது, நொடிக்கு நொடி காட்டும் மைலேஜ் சரியும், வெளியே இறங்கினால் காய்ந்த இரும்பு வாடை வரும். இவை இருக்கும்போது அணைக்காதீர்கள். காய்ந்த புல்லின் மேலும் நிறுத்தாதீர்கள், அடியில் அத்தனை வெப்பம்.

நாமக்கல் லாரிக்காரன்

ஊட்டிச் சாலையே இதைச் செய்துவிடும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஏற்றத்தில் சுமை இருக்கும், ஆனால் கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி வேகம் அறுந்துபோகும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் டீசலே போகாது, புகைக்குழாய் குளிர்ந்துவிடும். சமதளத்தில் முடித்துவிட்டு மலையைத் தொடுங்கள். இறங்கும்போது கியரைக் கையால் இரண்டில், மூன்றில் வைத்து வாருங்கள். ஏழு பேர் பாரத்தோடு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அடுத்த எச்சரிக்கை பிரேக்கிலிருந்து வரும்.

நொய்யல்கரை

எண்ணெயும் எண்ணெய் வடிகட்டியும் மாற்றியாயிற்று. இன்று அதிகாலை நீலாம்பூரில் ஏறி, சொன்னபடியே ஓட்டினேன். அவிநாசி தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு மைலேஜ் எண் திடீரெனப் பாதியாகச் சரிந்தது. திரும்பி வரும்போது மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது சுற்று 780 காட்டியது. டெஃப்பும் பத்து லிட்டர் ஊற்றினேன். பெட்ரோல் பங்க்கை விட்டு வெளியேறி சிறிது தூரத்தில் அந்தச் செய்தியும் மறைந்தது. மாமா உடன் வந்திருந்தார். டெஃப் ஊற்றியதால்தான் இரண்டும் போயிற்று என்று இன்னமும் சொல்கிறார்.

கிளம்பும்போது இன்னொன்று கவனித்தேன். டயர் காற்றழுத்த விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிகிறது. நான்கிலும் காற்று சரியாக இருக்கிறதே?

ஆறாவது கியர்

ஸ்டார்ட் செய்தவுடன் நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. முதலில் மினுக்கிவிட்டுப் பிறகு நின்று எரிந்தால் அமைப்பிலேயே பழுது. அநேகமாக ஒரு சக்கரத்தின் சென்சார் பாட்டரி முடிந்திருக்கும், அல்லது பஞ்சர் ஒட்டியவர் சென்சாரை உடைத்திருப்பார். மலைக்குப் போக அது தடையில்லை. ஆனால் வண்டி இனி உங்களை எச்சரிக்காது, அதனால் கையளவியால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் முழுப் பாரத்துக்கான அளவு தனியாக இருக்கும், பின்சக்கரத்துக்குக் கூடுதலாக. டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு நிரப்புங்கள். காற்றின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ இறங்கும், ஊட்டியில் விடியற்காலையில் அளந்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

பழைய பட்டறை

எண்ணெய் மட்டத்தை மாதம் ஒரு முறை பாருங்கள். வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். அது முடியாது என்றால், அடுத்த வண்டி பெட்ரோலிலோ ஹைபிரிட்டிலோ இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு இந்த எஞ்சின் தேவையே இல்லை.