பதில்: எஃபெரோசைட்டோசிஸ் – ‘விழுங்கல்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மடிந்த செல்களை மற்ற செல்கள் விழுங்கி அப்புறப்படுத்துவதுதான் எஃபெரோசைட்டோசிஸ். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் கலைச்சொல் குழுமத்தின் இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை. மருத்துவ மாணவர்களுக்கு நோய்க்குறியியல் எடுப்பவன். ஆகவே என் கவலை ஒன்றுதான். அழற்சி எப்படி அடங்குகிறது, சிலருக்கு ஏன் அடங்காமல் போகிறது என்று வகுப்பில் விளக்கும்போது நாம் வைக்கிற சொல் எனக்குக் கைகொடுக்குமா, காலை வாருமா?

> ஃபேகோசைட்டோசிஸுக்கு ‘விழுங்கல்’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். இதுவும் விழுங்கல்தான். விழுங்கப்படுவது செத்த செல், அவ்வளவுதான் வித்தியாசம். ‘இறந்தசெல் விழுங்கல்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

ஐயா, விழுங்கும் வரைக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். விழுங்கிய பிறகு நடப்பதுதான் விஷயமே.

பெருவிழுங்கி (மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்) ஒரு பாக்டீரியாவை விழுங்கினால் ஊரைக் கூட்டும். டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 என்று அழற்சியைத் தூண்டும் பொருள்களை வரிசையாகச் சுரக்கும். இரத்தக்குழாய் விரியும், நீர் கசியும், நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து குவியும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ரோமானியரான செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்த நான்கு அறிகுறிகளும் இப்படி வருபவைதான். அதே பெருவிழுங்கி, முறைப்படி மடிந்த ஒரு செல்லை விழுங்கினால் நேர்மாறாக நடந்துகொள்கிறது. டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூகின்-10 போன்ற தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. டிஎன்எஃப் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. 1997, 1998 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் இதை ஆய்வகத்தில் காட்டின. வாய் ஒன்றுதான், தின்ற பொருளைப் பொறுத்துப் பேச்சு மாறுகிறது.

இந்த வேலையின் அளவையும் கொஞ்சம் பாருங்கள். மனித உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் மாறுகின்றன என்று 2021இல் செண்டர், மிலோ என்ற இருவர் கணக்கிட்டார்கள். பெரும்பங்கு இரத்த அணுக்கள். குடலின் உட்பரப்புச் செல்கள் உதிர்ந்து வெளியே போய்விடும். இரத்த அணுக்களை உடம்புக்குள்ளேயேதான் அப்புறப்படுத்த வேண்டும். தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் அங்கேயே மடிகின்றன. ஆனால் நலமான தைமஸை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் செத்த செல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு வேகமாக எடுத்துவிடுகிறார்கள்.

எடுக்க வேண்டிய செல் எது என்று தெரிவது எப்படி? பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு, உயிருள்ள செல்லில் சவ்வின் உட்பக்கமாகவே இருக்கும். செல் மடியத் தொடங்கியதும் அது வெளிப்பக்கம் வந்துவிடும். பெருவிழுங்கிகள் இதை அடையாளம் கண்டுகொள்கின்றன என்பதை 1992இல் வேலரி ஃபடோக் குழுவினர் காட்டினார்கள். உயிருள்ள செல்லோ சிடி47 என்ற புரதத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். புற்றுசெல்கள் பலவும் இதே புரதத்தை ஏராளமாகப் போர்த்திக்கொண்டு திரிவது தனிக் கதை. அதை மறைக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது சிவப்பணுக்களும் விழுங்கப்பட்டு இரத்தசோகை வந்தது, ஏனென்றால் அவையும் சிடி47 காட்டித்தான் பிழைக்கின்றன.

சரி, ‘விழுங்கல்’ ஏன் போதாது என்பதற்கு என்னிடம் இருக்கிற நேரடிச் சான்றுக்கு வருகிறேன். 1948இல் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸும் உடன் பணியாற்றியவர்களும் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திரமான செல்லைப் பார்த்தார்கள். ஒரு நியூட்ரோஃபில், வயிறு நிறைய வேறொரு செல்லின் உட்கருவை விழுங்கிவைத்திருக்கிறது. அதன் சொந்த உட்கரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. அதுதான் எல்.இ. செல். நோயெதிர்ப்பு தன் உடம்பையே தாக்கும் லூபஸ் நோயின் அடையாளமாகப் பல ஆண்டுகள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது எதிர்-உட்கரு எதிர்ப்பொருள் சோதனை வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. நான் மாணவர்களுக்குப் பழைய படத்தை இன்னமும் காட்டுகிறேன். இங்கே விழுங்கப்பட்டிருப்பது செத்த செல்லின் உட்கரு. ‘இறந்தசெல் விழுங்கல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டால் இதையும் அந்தப் பெயரில்தான் அழைக்க வேண்டும். ஆனால் இது எஃபெரோசைட்டோசிஸ் அல்ல, அது தவறியதன் விளைவு. செத்த செல் காலத்தில் எடுக்கப்படாமல் வெடித்துச் சிதறி, உள்ளே இருந்த டிஎன்ஏ வெளியே கொட்டி, அதற்கு எதிர்ப்பொருள் உருவாகி, அந்த எதிர்ப்பொருள் ஒட்டிய கழிவை நியூட்ரோஃபில் விழுங்குகிறது. விழுங்கல் நடந்துவிட்டது, அழற்சி அடங்கவில்லை. சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. மடிந்த செல்களை அப்புறப்படுத்துவதில் அந்தப் புரதத்துக்கும் பங்கு உண்டு.

ஆக, சொல்லுக்குள் இருக்க வேண்டியது தின்னும் செயல் அல்ல, ஒழுங்காக எடுத்து அடக்குவது.

> ‘ஈமவிழுங்கல்’ எப்படி? ஈமக்கடன் எல்லோருக்கும் தெரிந்த சொல். கம்பீரமாகவும் இருக்கிறது.

அம்மா, ஓசை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஈமம் என்றால் பழைய வழக்கில் சுடலை, சிதை. தீ அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அழற்சி என்ற சொல்லே அழலிலிருந்துதான் வந்தது. அழற்சியைத் தவிர்க்கும் செயலுக்குச் சிதையின் பெயரை வைப்பது பொருந்தவில்லை. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் காதையில் பிணத்தை என்னென்ன செய்தார்கள் என்று ஐந்து முறைகள் வருகின்றன: சுடுவது, அப்படியே இட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது. செல்லுக்குள் நடப்பதற்கு இவற்றில் கடைசியே நெருக்கம். மடிந்த செல்லைச் சுற்றிச் சவ்வு வளைந்து பையாக மூடிக்கொள்கிறது. உள்ளே இருப்பது ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் கரைக்கப்படுகிறது. அந்தப் பைக்குத் ‘தாழிப்பை’ என்றே பெயர் வைக்கலாம் என்பது என் துணைப் பரிந்துரை.

‘பிணந்தின்னல்’ என்று ஒருவர் எழுதியிருந்ததை விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

> மாணவர்கள் தேர்வில் பார்க்கப்போவது எஃபெரோசைட்டோசிஸ். அதையே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தலைப்பில் ஒருமுறை போடுங்கள், தடையில்லை. ஆனால் அந்தச் சொல்லே 2003இல் டென்வரில் பீட்டர் ஹென்சன் குழுவினர் உருவாக்கியது. லத்தீனில் ‘எஃபெர்ரே’ என்றால் வெளியே எடுத்துச் செல்வது. பிணத்தை வீட்டிலிருந்து அடக்கத்துக்குக் கொண்டுபோவதற்கும் அதே சொல். நம் ஊரில் சாவு வீட்டுக்குப் புறப்படும் முன் எல்லோரும் கேட்கிற கேள்வி என்ன? “எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?” அப்படியே அதேதான். இதைப் பார்த்ததும் ‘செல்லெடுப்பு’ என்று வைத்தால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. கணக்கெடுப்பு, மாதிரியெடுப்பு இவற்றோடு குழம்பும் என்பதால் விட்டுவிட்டேன். ‘செல்லெடுப்பு’ என்று படிக்கிற மாணவர் ஊசி போட்டு மாதிரி எடுப்பதாகத்தான் நினைப்பார்.

செல் முறைப்படி மடிவதைக் குறிக்கும் அப்போப்டோசிஸ் என்ற சொல்லும் இப்படித்தான் பிறந்தது. 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் அதை வெளியிடும் முன், அபர்தீனில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மக்கிடம் கேட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் சொல்லை அவர் எடுத்துக்கொடுத்தார். உலகமே அதை ஏற்றுக்கொண்டது. நாம் இந்தக் குழுமத்தில் செய்கிற வேலையும் அதுதான், சம்பளம்தான் இல்லை.

என் பரிந்துரை: செல்லடக்கம்.

நல்லடக்கம் என்ற சொல்லைக் கேட்காத தமிழர் இல்லை. தகனத்துக்குப் பொருந்தாது, புதைப்பதற்கே உரியது. கூடவே, அடங்குதல் என்ற பொருளும் அதே சொல்லுக்குள் இருக்கிறது. செத்த செல் அடக்கமாகிறது. அதனால் அழற்சி அடங்குகிறது. லத்தீன் வேரில் முதல் பாதி மட்டும்தான் உண்டு. தமிழில் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

> ‘அடக்கம்’ என்றால் உட்பட என்றும் பொருள் வருமே. அடக்கவிலை என்கிறோம். ‘வரி அடக்கம்’ என்று ரசீதில் போடுகிறார்கள். தவிர, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து, அடக்கி டி செல் என்றெல்லாம் எழுதுகிறோம். குழம்பாதா?

முதல் கேள்விக்கு, சூழல் பார்த்துக்கொள்ளும். செல்லடக்கக் குறைபாடு என்று படிக்கிற யாருக்கும் ரசீது ஞாபகம் வராது. இரண்டாவது நியாயமான கேள்வி. அதற்குத் தமிழே வழி விட்டிருக்கிறது: வினையாக எழுதும்போது எப்போதும் ‘அடக்கம் செய்தல்’ என்றே எழுத வேண்டும், ‘அடக்குதல்’ கூடாது. ‘காளையை அடக்கினான்’, ‘தாத்தாவை அடக்கம் செய்தான்’ இரண்டையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளுக்கு ‘ஒடுக்கி’ என்பதை நிலையாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர், தங்கள் பாடநூல்களில் செல் கிடையாது, கலம் என்றுதான் வரும் என்று நினைவூட்டினார். அங்கே ‘கலவடக்கம்’ என்று எழுதட்டும். கலம் என்றால் பாத்திரமும்தான். தாழியோடு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. ‘உயிரணுவடக்கம்’ மட்டும் வேண்டாம், சொல்லி முடிக்கவே மூச்சு முட்டுகிறது.

பெருவிழுங்கியின் பெயரை இந்தச் சொல்லில் சேர்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘பெருவிழுங்கல்’ என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. விந்தகத்தில் விந்தணுவாக வளரும்போதே மடியும் செல்களை எடுப்பது செர்டோலி செல்கள். அவை நோயெதிர்ப்புச் செல்களே அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்களே தூக்கிச் செல்வது மாதிரி.

விழித்திரையில்தான் கொஞ்சம் சிக்கல். ஒளியுணர் செல்கள் தினமும் தங்கள் நுனியைக் கழற்றிவிடுகின்றன. அடியில் இருக்கும் நிறமிச் செல்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. எடுக்க வேண்டியதைப் பிடித்துக்கொள்ள உதவும் மெர்டிகே என்ற ஏற்பி அவற்றில் பழுதானால் இந்த வேலை நின்று, நாளடைவில் பார்வை போய்விடும். இங்கே செல் சாகவில்லை, ஒரு துண்டுதான் போகிறது. ஆய்வாளர்கள் சிலர் இதையும் எஃபெரோசைட்டோசிஸில் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. நாம் ‘நுனியெடுப்பு’ என்று தனியாக எழுதிவிட்டால் வம்பில்லை.

நோய்ப் பக்கம் சொல் எப்படி நிற்கிறது என்று சோதித்துப் பார்த்தேன். தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு உருவாகும்போது அங்கே வரும் பெருவிழுங்கிகள் கொழுப்பை உண்டு மடிகின்றன. தொடக்கத்தில் மற்றவை வந்து அவற்றை அடக்கம் செய்துவிடும். நாளாக ஆக அதே மெர்டிகே ஏற்பி பெருவிழுங்கியின் மேற்பரப்பிலிருந்து வெட்டுண்டு போகிறது. செல்லடக்கம் குறைகிறது. செத்தவை குவிந்து படிவின் நடுவில் அழுகிய கூழாகத் தேங்குகின்றன. அதை மூடியிருக்கும் நார்ப்படலம் மெலிந்து ஒரு நாள் கிழிந்தால் இரத்தம் உறைந்து மாரடைப்பு. ‘இறந்தசெல் விழுங்கல் குறைகிறது’ என்று இதே பத்தியை எழுதிப் பாருங்கள். ஏன் அழற்சி கூடுகிறது என்று இன்னொரு வாக்கியம் தேவைப்படும். ‘செல்லடக்கம் குறைகிறது’ என்றால் தேவைப்படாது.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் இதே கதை. நீண்டகாலம் புகைபிடித்தவர்களின் நுண்ணறைப் பெருவிழுங்கிகள் மடிந்த செல்களைச் சரியாக எடுப்பதில்லை. சர்க்கரை நோயில் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போவதற்கும் இது ஒரு காரணம் என்று எலிகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொரு பக்கம், டெக்ஸாமெத்தசோன் வகை ஸ்டீராய்டுகள் பெருவிழுங்கிகளின் செல்லடக்கத் திறனைக் கூட்டுகின்றன. அழற்சியை அவை தணிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

துணைச் சொற்கள்: செல்லடக்கக் குறைபாடு, செல்லடக்கத் திறன், தாழிப்பை. பாஸ்பாடிடைல்செரின் போன்றவற்றுக்கு ‘அடக்கக்குறி’. சிடி47 போன்றவற்றுக்குத் ‘தொடாதே குறி’ என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள், மறப்பதில்லை. ஆனால் பாடநூலில் அச்சிட அது பொருந்துமா என்று எனக்கே ஐயம். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் புது இழையில் தொடங்குங்கள். இந்த இழையில் செல்லடக்கத்துக்கு மறுப்பு இருப்பவர்கள் மட்டும் எழுதினால் முடிவெடுக்க வசதியாக இருக்கும்.