காலையில் கூட ஓட ஆள் வேணும்: கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம்

அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 41 வயசு, கானாடுகாத்தான். அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, சர்க்கரையில் கால் விரலை எடுத்த வருஷம்தான் ஓட ஆரம்பிச்சேன். விடியக்காலை அஞ்சு மணிக்குப் பெரிய வீடுகளோட மதில் ஓரமாவே ஓடுவேன். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், அவ்வளவு நீளம். 8 மாசத்தில் 10 கிலோமீட்டர் வந்துட்டேன். 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓடிடணும்னு ஆசை.

ஆவணியில் அப்பச்சி தவறிட்டாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்கவே மாட்டாங்க. இப்ப ஷூ லேஸைக் கட்டிட்டுத் திண்ணையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கேன், அப்புறம் அவிழ்த்து வெச்சுடறேன்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவங்க, கொப்புளம் வெடிச்ச காலோட மறுநாளும் எழுந்து நடக்கிறதைச் சின்ன வயசிலேருந்து பார்க்கிறேன். கூட வர்ற ஆட்கள்தான் அவங்களை இழுத்துட்டுப் போறாங்கன்னு எனக்குத் தோணுது. அந்தத் துணைதான் எனக்கும் வேணும்.

பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி பக்கம் யாராவது காலையில் ஓடுறீங்களா? நான் மெதுவாத்தான் ஓடுவேன், கிலோமீட்டருக்கு 8 நிமிஷம். துக்கத்துக்கு அப்புறம் திரும்ப ஆரம்பிச்சவங்க முதல் வாரம் எவ்வளவு தூரம் ஓடினீங்க? வெறும் நடையில் தொடங்கலாமா? சொல்லுங்க.