சொந்தக் கதையை ஏன் எழுதுகிறோம், ஏன் படிக்கிறோம்?

மண்டபத்திலிருந்து கேள்வி:
விசைப்படகு கரையில் கிடக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், பொழுது போகாமல், அப்பா சொன்ன காற்றுப் பெயர்களையும் வீட்டு நடப்புகளையும் வலைப்பதிவில் எழுதத் தொடங்கினேன். முன்பின் அறியாதவர்கள் சிலர் தொடர்ந்து படிக்கிறார்கள். இதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

தொண்டியிலிருந்து:
பிரெஞ்சுக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில்தான் அக்காலப் புதுச்சேரியின் வணிகத்தையும் வழக்குகளையும் இன்று நெருக்கமாகக் காண்கிறோம். ஆனால் நாட்குறிப்பு தனக்கானது. வலைப்பதிவில் படிப்பவர் ஒருவர் எதிரே இருப்பதால், கொண்டல் எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதை நீங்கள் விளக்க நேர்கிறது. அவ்வாறு விளக்கும்போதுதான் நமக்கே அது தெளிவாகிறது.

பாம்பனிலிருந்து:
1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை அரசுக் குறிப்புகள் சொல்லும். அன்றிரவு ஒரு வீட்டார் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதை அவை சொல்லா. அதற்காகவே படிக்கிறேன். (அடுத்த வீட்டுக் கதை கேட்கும் ஆசையும் உண்டு, மறுப்பதற்கில்லை.)

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே. கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. அடுத்த பதிவில் வாடையையும் சேர்த்து எழுதுகிறேன்.